இரு வீட்டுக்கும் ஒரு சுவர்

“நில்லுங்கோ! ஆரைக் கேட்டு உள்ள வாறீங்கள்?”

நிஷாந்தினி கேற்றுக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தாள். மார்கழி மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு வெள்ளை வான். முகமூடி போட்ட இரண்டு பேர், கையில் குழாயும் மருந்து வாளியுமாக நின்றார்கள்.

“கறையானுக்கு மருந்து அடிக்க வந்தனாங்கள் மிஸ். போன்ல சொன்ன வீடு இதுதானே?”

“நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அது என்ன மருந்து?”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “கறையான் மருந்துதான்...”

“அதுக்கொரு பேர் இல்லையோ?”

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். குடையில்லை. தலை நனைந்து, இமை நுனியில் ஒரு மழைத்துளி விழுவதா நிற்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“சொறி... இவை எங்கட வீட்டுக்கு வந்தவை. வீடு மாறிப் போட்டினம்.”

“அப்ப நீங்களே சொல்லுங்கோ. என்ன மருந்து அடிக்கப் போகினம்?”

“அது... பேஸ்புக்கில நல்லாத்தான் போட்டிருந்தவை...”

“பேஸ்புக்கிலயோ! வீட்டை ஒருக்காப் பாக்காமலே மருந்தைக் கரைச்சுக்கொண்டு வந்திருக்கினம். எங்கள் ரெண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒண்டு. அங்கால அடிச்சா இங்கால மணக்கும். என்ர அப்பாவுக்கு மூச்சிழுப்பு, தெரியுமோ?”

“கறையான் வந்ததே உங்கட பக்கத்தாலதான்!”

“எங்கட பக்கத்தாலயோ?” அவள் மூக்கு நுனி சிவந்துவிட்டது.

அவன் சற்றுத் தணிந்து, வான்காரர் பக்கம் திரும்பினான். “அடிச்சு எவ்வளவு நேரத்தால உள்ள போகலாம்?”

“உடனேயே போகலாம் அண்ணன். ஆக்கள் உள்ளுக்க படுத்திருந்தாலும் பிரச்சினை இல்லை.”

அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. “வேண்டாம். நீங்கள் போங்கோ,” என்றான். வான் போயிற்று. நிஷாந்தினியும் கேற்றைப் படாரென்று சாத்தினாள். உள்ளே வந்த பிறகும் நெஞ்சு ஏனோ அடங்கவில்லை. கோபந்தான்... வேறென்ன?

உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒட்டிப் பிறந்த அந்த இரண்டு வீடுகளுக்கும் பல வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மேல்மாடி கட்டியபோது, கூரைத் தண்ணீர் முழுவதும் நிஷாந்தினி வீட்டு முற்றத்தில் கொட்டியது. அவளுடைய அப்பா கோணேஸ்வரன் பொலிஸ் வரைக்கும் போனார். பிறகு அந்த மனிதர் கனடா போய்விட, போன மாதந்தான் அவருடைய சகோதரியின் மகன் பிரகலாதன் குடிவந்தான். துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகில் இயந்திரப் பொறியாளர். அவள் அறிந்தது அவ்வளவுதான்.

பின்னேரம் முற்றம் கூட்டும்போது மதிலுக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“உங்களுக்கு... ஒரு நன்றி சொல்ல வேணும்.”

“எதுக்கு?”

“என்ர தங்கச்சி திரியாயில இருந்து கைப்பிள்ளையோட வந்திருக்கிறா. மருந்தடிக்க இருந்த அறையிலதான் பிள்ளை நித்திரை. மருந்தடிச்சா ஒருத்தரையும் உள்ள விடக்கூடாதெண்ட யோசனையே எனக்கு வரேல்லை. நீங்கள் மட்டும் மறிச்சிருக்காட்டி...”

அவன் கண் கலங்கியிருந்தது. விளக்குமாறு அவள் கையில் அப்படியே நின்றது. ஒரு ஆண்பிள்ளை இப்படி வெளிப்படையாக நன்றி சொல்லி அவள் கேட்டதில்லை.

“இனி நீங்களே ஒரு நல்ல கம்பனியாப் பாத்துச் சொல்லுங்கோ. எனக்குத் தெரிவு செய்யத் தெரியாது எண்டு ஊருக்கே தெரிஞ்சு போச்சு,” என்று அவன் சிரித்தான்.

அன்றிலிருந்து பின்னேரங்களில், மதிலின் மேல் கைபேசியை வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று, கம்பனிகளை அழைத்துக் கேட்டார்கள். ஒரு கம்பனி சதுர அடியை மட்டும் விசாரித்தது. இன்னொன்று, “பயப்படாதேங்கோ மிஸ், ஒரு தரம் அடிச்சாச் சாகுமட்டும் வராது!” என்றது.

“ஆர் சாகுமட்டும்?” என்று பிரகலாதன் மெல்லக் கேட்க, நிஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் இரண்டு பார்வைகளும் விலகவில்லை...

பிறகு சனூஸா என்ற பெண்ணின் குரல் வந்தது. “முதல்ல சொல்லுங்க, வீட்டுல யார் யார் இரிக்கிறாங்க? வயசானவங்க, சின்னப் புள்ளைங்க, வருத்தக்காரங்க யாரும் இரிக்காங்களா?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேறு எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சனூஸா வந்து சுவரெல்லாம் தட்டிப் பார்த்தாள். கம்பனியின் அனுமதிப் பத்திரத்தைக் காட்டினாள். மருந்தின் பெயரை எழுதித் தந்து, “உங்க வாப்பாட டொக்டர்ட்ட ஒருக்காக் காட்டுங்க,” என்றாள். “ரெண்டு வீட்டுக்கும் ஒரே நாள்ல செய்யணும். ஒரு பக்கம் மட்டும் செஞ்சா மத்தப் பக்கம் ஓடிரும்.”

கோணேஸ்வரன் கதிரையில் நிமிர்ந்தார். “அந்த வீட்டோட சேந்தோ? ஏலாது!”

“அப்பா, கதவு நிலையெல்லாம் அரிச்சுப் போச்சு...”

“வீடு விழுந்தாலும் ஏலாது. மதிலால கதைக்கிறதையும் இண்டையோட விடு பிள்ளை.”

அன்று அவள் மதிலருகே போய், “இனிக் கதைக்க வேண்டாம்... அப்பாவுக்கு விருப்பமில்லை,” என்று மட்டும் சொன்னாள். அவன் “சரி” என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனான். அது இன்னும் வலித்தது.

காலையில் கூரையில் தட்டும் சத்தம் கேட்டது. அப்பாவும் அவளும் வெளியே வந்தார்கள். தூறலில், ஏணியின் உச்சியில் நின்று, பிரகலாதன் கூரைத் தண்ணீரைக் கொண்டுபோகும் புதுப் பீலி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தான். முற்றத்தில் விழுந்த தண்ணீர் இப்போது அவனுடைய பக்கமே திரும்பி ஓடியது.

“உம்மை ஆர் ஏறச் சொன்னது?” அப்பா அதட்டினார்.

“ஒருத்தரும் சொல்லேல்லை அங்கிள். மாமா அப்பவே செய்திருக்க வேணும். கறையான் வேலைக்கு நீங்கள் சம்மதிக்காட்டியும் பரவாயில்லை. இது உங்களுக்குச் சேர வேண்டியது.”

கோணேஸ்வரன் தண்ணீர் ஓடிய வழியை அண்ணாந்து பார்த்தார்.

“ஏணி வழுக்கும் தம்பி... பாத்து இறங்கும். பிள்ளை, தேத்தண்ணி போடு. ரெண்டு.”

அவள் குசினிக்கு ஓடினாள்.

மருந்தடித்த நாளில் எல்லோரும் அன்புவழிபுரத்தில் அவனுடைய சித்தி வீட்டில் தங்கினார்கள். கைப்பிள்ளை அப்பாவின் நெஞ்சில் படுத்து உறங்கியது. “என்ர இழுப்புச் சத்தம் இவனுக்குத் தாலாட்டாக்கும்!” என்று அவர் பெருமைப்பட்டார். அப்பா அப்படிச் சிரித்துப் பார்த்து அவளுக்கு எத்தனையோ காலமாயிற்று.

மறுநாள் காலை, சனூஸா சொன்னபடி, யன்னல்களைத் திறந்துவைக்க அவளும் பிரகலாதனும் முதலில் வந்தார்கள். துறைமுகக் காற்று அறை அறையாகப் புகுந்து போனது. மழை விட்டிருந்தது.

“நிஷாந்தினி... இன்னொரு நன்றி இருக்கு.”

“இன்னும் எத்தினை நன்றி வைச்சிருக்கிறீங்கள்?”

“ஒவ்வொரு நாளும் சொல்ல வேணும் போல கிடக்கு.” அவன் குரல் தாழ்ந்தது. “இவ்வளவு நாளும் வீடெண்டா, வேலை முடிஞ்சு வந்து படுக்கிறதுக்கு ஒரு இடம், அவ்வளவுதான். இப்ப படகில நிக்கேக்கயே வீட்டுக்கு எப்ப போவம் எண்டு இருக்கு. உங்கட குரல் கேக்குமெண்டு... எனக்கு உங்களை விருப்பம். நீங்கள் என்ன சொன்னாலும் நன்றிதான்.”

அவள் யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அம்மா கண்மூடிய நாளிலிருந்து அப்பாவின் மருந்து, வீட்டின் ஓட்டை, வாசலில் வருகிறவர்கள்... எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். “நீங்களே பாத்துச் சொல்லுங்கோ” என்று அவளைக் கேட்டு, அதன்படி நடந்த முதல் மனிதன் இவன். கடவுளே, இதற்கு யாருக்கு நன்றி சொல்வது?

“நான்தான் சொல்ல வேணும் நன்றி,” என்றாள். கண்ணீரோடு சிரிப்பும் வந்தது. “எனக்கும் விருப்பம்... எப்பவோ.”

“அப்ப அப்பாவிட்ட நான் வந்து கேக்கிறன்.”

“இல்லை. நான் கேக்கிறன்,” என்றாள் அவள். “நீங்கள் எனக்குப் பக்கத்தில நில்லுங்கோ... அது போதும்.”