வரிசையின் கடைசி ஆள்

"என் தோள்ல யாருடா கை வைக்கிறது?" என்று வரிசையின் கடைசியிலிருந்து தோப்ரி கத்தினான்.

முன்னால் நடந்த ஸ்தானிமிர் சட்டென்று நின்றான். தோப்ரிக்குப் பின்னால் ஆள் கிடையாது.

கணவாய்ப் போரில் பிடிபட்ட பல்கேரியர்களின் கண்களைக் குருடாக்கச் சொன்ன கிரேக்கப் பேரரசர், வழிகாட்டுவதற்காகக் கூட்டத்துக்கு ஒருவனுக்கு மட்டும் ஒற்றைக் கண்ணை விட்டுவைத்தார். என்ன பெரிய மனசு! இந்தக் கூட்டத்தில் அந்தக் கண் ஸ்தானிமிருடையது. அவன் தோளில் தம்பி போயானின் கை, போயானின் தோளில் அடுத்தவன் கை என்று மலைப்பாதையில் ஊருக்கு நடந்துகொண்டிருந்தார்கள். தம்பியையாவது உயிரோடு அம்மாவிடம் சேர்க்க வேண்டும். அதற்காகத்தான் அவன் இன்னும் விழாமல் நடந்தான்.

மதியம் வரிசையில் வந்த ராதுல் கண்புண் சீழ்பிடித்துச் செத்தான். புதைத்துவிட்டுக் கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் செத்தவன் கூடவே வந்துவிடுவான் என்பது அவர்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கண்ணில்லாதவர்கள் எங்கே பார்ப்பது? ஸ்தானிமிர்தான் பார்த்தான். யாராவது விட்டுப்போய்விட்டார்களா என்று, வழிகாட்டியின் பழக்கத்தில், ஒரே ஒரு முறை.

பொழுது சாய்ந்து மரங்களுக்கிடையே மூடுபனி இறங்க, ஈர இலைகளை மிதிக்கும் காலடிச் சத்தமும், கண்கட்டுத் துணிகளின் நாற்றமும், அதற்கும் அடியில் புதிதாய் வெட்டிய மண்ணின் வாசனையும் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தன.

"தோப்ரி! இருக்கியா?"

"இருக்கான்பா," என்றார் தோப்ரிக்கு முன்னால் நடந்த கிழவர் வெல்கோ. "கை என் தோள்லதான் இருக்கு. ஆனா ரொம்பச் சில்லுனு இருக்கு."

கொஞ்ச தூரத்தில் வெல்கோவும் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு அவருக்கு முன்னால் போனவன். பிறகு அடுத்தவன். காலடிச் சத்தம் மட்டும் குறையவே இல்லை.

"அண்ணே," போயான் அழுதான். "எனக்குப் பின்னால பேச்சே இல்லண்ணே. திரும்பிப் பாத்துடாதே."

"பாக்க மாட்டேன்டா. என் தோளைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. அதோ, நம்ம வீட்டு வெளிச்சம் தெரியுது. அம்மா முழிச்சுட்டுத்தான் இருப்பா."

போயானின் அழுகை நின்றது.

"டேய்? போயான்?"

கை மட்டும் இறுகியது. சில்லென்று.

அம்மா பந்தத்தோடு ஓடிவந்தாள். பாதியில் நின்றாள். அவள் பார்வை மகனின் தோளைத் தாண்டிப் போனது.

"அம்மா, தம்பியைக் கூட்டிட்டு வந்துட்டேன்மா."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பின்வாங்கினாள். கதவு. தாழ்ப்பாள்.

ஸ்தானிமிர் திரும்பவில்லை. தோளை மட்டும் பார்த்தான்.

தம்பியின் கைதான். நகக்கண்ணெல்லாம் ஈரமண்.