ஏழாம் நிலையத்துக் காற்று

இதனால் சகலருக்கும் பெருமையுடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: இனி எந்தக் காற்றும், நேரில் கண்ட ஒருவரின் வாய்மொழிச் சாட்சி இல்லாமல், ஆபத்தானதாகக் கருதப்படமாட்டாது.

வானிலை அலுவலகச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய இந்தச் சுற்றறிக்கை இயக்குநரின் கைவண்ணம். மூன்று முறை புயல் எச்சரிக்கை கொடுத்து, மூன்று முறையும் இலைகூட அசையாமல் போனதில் ஊர் சிரித்த சிரிப்பு அவரை இப்படி எழுத வைத்தது. ராடார் பொய் சொல்லும், மனிதன் சொல்லமாட்டான் என்பது அவர் கண்டுபிடித்த தத்துவம். மனிதர்களோடு அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

சுற்றறிக்கைக்குக் கீழே உட்கார்ந்திருந்த முன்கணிப்பாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் குடைக்காரர். பொட்டு மேகம் இல்லாத நாளிலும் குடையோடு வருவார். தன் கணிப்பைத் தானே நம்பாத ஒரே நிபுணர் என்று கேலி செய்வார்கள். போன கோடைக்குப் பிறகு யாரும் அந்தக் கேலியைச் செய்வதில்லை.

பிற்பகல் மூன்று இருபதுக்கு அவர் திரையில் ஏழாம் நிலையம் உயிர்பெற்றது.

காற்று: இல்லை. வெப்பம்: முப்பத்தெட்டு.

நடக்கக் கூடாத காரியம். ஏழாம் நிலையம் என்பது ஆற்றுக்கு அப்பாலுள்ள ஊரில் அவருடைய தம்பி வீட்டு மொட்டைமாடியில் நின்ற, வெப்பத்தையும் சேர்த்து அளக்கும் ஒரு காற்றுமானி. சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டவன் தம்பி. போன கோடையில் இடிமேகங்கள் ராடாரில் வில்லாக வளைந்து அந்த ஊரை நோக்கி வந்தன. வில்லாக வளைந்தால், கூரையைப் பிய்க்கும் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்று அர்த்தம். அர்த்தம் தெரிந்திருந்தும், சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டு, அவர் தம்பியைத்தான் போனில் கூப்பிட்டார். "மாடிக்குப் போயி ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லுடா." தம்பி போனான். "ஒண்ணுமே இல்லண்ணா, நீயும் உன் குடையும்" என்று சிரித்தான். அதன் பிறகு பதினோரு நிமிடம் இணைப்பு அறுபடவில்லை. குடைக்காரர் காதிலிருந்து போனை எடுக்கவுமில்லை. காற்றுமானியையும் தம்பியையும் ஒரே இடத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

இன்று அந்த வீட்டில் தம்பி மனைவியும் எட்டு வயது மகள் சிட்டுவும் இருக்கிறார்கள்.

"அக்கா, ஏழாம் நிலையம் உங்களுக்கு வருதா?" என்று பக்கத்து மேசையில் ராடார் பார்க்கும் அம்மாளைக் கேட்டார்.

"ஏழா? அந்த வரியவே அழிச்சாச்சே, தம்பி. முகமே சரியில்லையே, டீ குடிச்சீங்களா?"

தம்பி. எல்லாரும் சாதாரணமாகச் சொல்லிவிடுகிற வார்த்தைதான்.

ஜன்னல்கள் திறக்கவே முடியாத அந்த ஏசி அறையில், கணினிகளின் சீரான இரைச்சலுக்கும் பழைய காகிதங்களின் புழுங்கிய வாடைக்கும் நடுவே, முதல் துளி விழுந்த மண்ணின் வாசனை மெல்ல, யாரோ கதவைத் திறந்து வைத்ததைப்போல, அவர் கால்களைச் சுற்றிப் பரவத் தொடங்கியது. வேறு யாரும் தலை நிமிரவில்லை. ராடார் திரையின் மேற்கு ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று வளைந்துகொண்டிருந்தது. ஏழாம் நிலையத்தில் காற்று இன்னும் இல்லை. வெப்பம் மட்டும் இறங்கியது. முப்பத்தைந்து. இருபத்தொன்பது.

அவர் இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"எச்சரிக்கை கொடுக்கணும் சார். வில்லு வளைஞ்சிருச்சு."

"சாட்சி யாருய்யா?"

"ஏழாம் நிலையம்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "வருத்தம் யாருக்குத்தான் இல்ல? அதுக்காக வருத்தத்த வச்சு எச்சரிக்கை குடுக்க முடியுமா? அங்க யாரையாவது வெளிய போய்ப் பாக்கச் சொல்லு. ரெண்டு நிமிஷ வேல."

இனி யாரையும் பார்க்கச் சொல்வதில்லை என்று ஒரு வருடமாக அவர் சத்தியம் காத்து வந்தார். தன் மேசைக்குத் திரும்பி, மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகத்தான் தம்பி வீட்டுக் கைபேசி எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"பெரியப்பா!"

"சிட்டு, அம்மா எங்கடா?"

"கீழ துணி மடிக்கிறாங்க."

"கீழன்னா, நீ எங்க இருக்க?"

"மாடியில."

"யாரு உன்ன மாடிக்குப் போகச் சொன்னா?"

"நீங்கதான். இப்பத்தான போன் பண்ணீங்க? ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லுன்னு சொன்னீங்களே. மறந்துட்டீங்களா?" சிரித்தாள். தகப்பனுக்கு இருந்த அதே சிரிப்பு.

இதற்கு முன் அவர் யாருக்கும் போன் செய்திருக்கவில்லை.

"கீழ இறங்கு. ஓடும்மா."

"இருங்க பெரியப்பா. தூரத்துல மரமெல்லாம் படுக்குது."

திரையில் காற்றின் வேகம் மாறியது. நாற்பது.

"சிட்டு!"

எழுபது.

மண்வாசனை இப்போது அவர் கழுத்துவரை.

நூற்றுப் பத்து.

போனுக்குள் காற்று வந்தது. முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு தகரம். பிறகு கண்ணாடி. அதற்கெல்லாம் நடுவே ஒரு குரல். அவசரமில்லாத குரல். மரியாதையான, அலுவலகக் குரல்.

அவருடைய குரல்.

"இன்னும் கொஞ்சம் நில்லு கண்ணு. சரியாப் பாத்துச் சொல்லு."

அவர் கையால் வாயை இறுகப் பொத்தினார். இரண்டு கையாலும். போன் மேசையில் விழுந்தது. உதடுகள் அசையவில்லை. பற்கள் பிரியவில்லை. குரல் பேசிக்கொண்டேயிருந்தது.

"இன்னும் ஒரே ஒரு நிமிஷம்."

"சரி பெரியப்பா" என்றது குழந்தை.

எச்சரிக்கை மூன்று ஐம்பத்திரண்டுக்கு, விதிப்படி, நேரில் கண்ட ஒருவரின் சாட்சியோடு வெளியானது.