கண்ணை மூடுங்கோ, ஐயா

தலையில் பூசிய களிம்பு எப்போதோ இறுகிவிட்டது. ஆனாலும் எமிலியானுசின் பிடரியில் ஏதோ ஈரம் வழிந்துகொண்டே இருந்தது. தொட்டு நக்கிப் பார்த்தார். உப்பு.

காலை பத்து மணிதான், ஆனால் ஆசுப்பத்திரி அறையின் யன்னலெல்லாம் கறுப்புத் துணி. மூளையைச் சோதிக்கிற நிஸ்லா என்ற பெட்டை அவருக்குத் தொப்பி மாட்டி, அதன் வயர்களை மெசினில் கொழுவினாள்.

"திரையில படங்கள் வரும் ஐயா. மீன் வந்தா மட்டும் பட்டனை அமத்துங்கோ. உங்கட மூளை பாக்கிறதை மெசின் கோடாக் கீறும்."

"நானென்ன பாலர் வகுப்போ? துண்டை எழுதித் தா, போறன்."

போன மாதம் சங்கு குளிக்கையில் கடலடியில் வலிப்பு வந்தது. எட்டு நிமிடம் கழித்துத்தான் தூக்கினார்கள். செத்தவன் என்று வள்ளத்தில் கிடத்த, எழும்பி உட்கார்ந்தார். தலை நல்லமென்று துண்டு கொண்டுவராமல் ஏற்றமாட்டேன் என்று வள்ளத்துக்குச் சொந்தக்காரனான சம்மாட்டி ஜவாஹிர் சொல்லிவிட்டான். கடலை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

நிஸ்லா அடுத்த அறைக்குப் போனாள். விசரன் என்று எழுதிவிடுவாள் என்ற பயம் அவருக்கு. பார்க்காவிட்டால் எதைக் கீறுவாள்? பட்டனை மடியில் போட்டார். கையை எடுத்தார். கண்ணை இறுக்கி மூடினார்.

ஃபான் சுற்றுகிற சத்தத்துக்கு அடியில், நீருக்குள் யாரோ ஆறுதலாக மூச்சு விடுவதுபோல் குமிழிகள் ஒவ்வொன்றாக வெடிக்க, டெற்றோல் வாசத்தைத் தள்ளிக்கொண்டு கடலடிச் சேற்றின் நாற்றம் மூக்கில் ஏறியது.

டிக்.

மடியில். பட்டன்.

டிக். டிக்.

"கெட்டிக்காரன் ஐயா!" சுவரிலிருந்த ஸ்பீக்கரில் நிஸ்லா. "ஒரு மீனும் தப்பேல்லை."

அவர் ஒரு மீனையும் பார்க்கவில்லை.

"இனிக் கண்ணை மூடுங்கோ."

"மூடித்தானே இருக்கிறன்!"

"பகிடி விடாதேங்கோ. கமெராவில தெரியுது. என்னைத்தான் முழிச்சுப் பாக்கிறீங்கள்."

இடக்கையை முகத்துக்குக் கொண்டுபோனார். இமையைத் தேடினார்.

இமை இல்லை. ஈரம். வழுக்கும் உருண்டை.

திறந்த கண். விரலுக்கடியில் அது அசைந்தது. கதவுப் பக்கம் திரும்பியது. அவருக்கோ ஒரே இருட்டு.

"சரி விடுங்கோ, மற்றதெல்லாம் நல்லம். துண்டு எழுதுறன். எப்ப கடலுக்கு?"

எழுதாதே, பிள்ளை. எழுதாதே. கத்தினார்.

அவருடைய வாய் திறந்தது.

"இண்டைக்கே போறன்," என்றது அவருடைய குரல், சந்தோசமாக. கதிரையை விட்டு அவருடைய கால்கள் எழும்பின.