காக்காப்பொன் தகடு

குழாயின் உள்பக்கம் ஈரமாக இருந்தது.

தங்கதுரை விரலை வெளியே எடுத்துப் பார்த்தார். பாட்டு மெஷின் பெட்டியின் மேல் நாற்பது வருடத்துத் தூசி. ஜன்னல் கதவைக் கரையான் பாதி தின்றிருந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த மல்லாட்டை மூட்டைகளிலிருந்து காய்ந்த மண்ணும் நிலக்கடலைத் தோலும் கலந்த வாசனை வந்துகொண்டிருந்தது. அவ்வளவு வறண்ட அறையில் அந்தப் பித்தளைக் குழாய்க்குள் மட்டும், முகம் பார்க்கும் கண்ணாடியில் ஊதினால் படிகிற மாதிரி மெல்லிய ஈரம். முகர்ந்தார். இரண்டு நாள் பட்டினி கிடந்தவன் வாயைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

“இன்னாப்பா, அசலா டூப்பா?” நாற்காலியில் சாய்ந்திருந்த நாராயணசாமி கேட்டார். வீடும், சுற்றியிருந்த கரும்புக் கொல்லையும் அவருடையவை.

“பாத்துக்கினு இருக்கேங்க.”

கள்ளக்குறிச்சியில் ரேடியோ, கிராமபோன் பழுதுபார்த்துப் பிழைத்தவர் தங்கதுரை. டேப் ரிக்கார்டர் வந்து அந்தப் பிழைப்பில் மண் விழுந்த பிறகு, மெட்ராஸ் பழம்பொருள் வியாபாரி ஒருவருக்காக ஊர் ஊராகப் போய் மெஷின்களைப் பார்த்து, அசல்தானா, சரி செய்ய முடியுமா என்று எழுதிக் கொடுப்பார். இது நல்லபடியாக முடிந்தால் மெட்ராஸிலேயே நிரந்தர வேலை என்று வியாபாரி வாக்குக் கொடுத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதில் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் விடிகாலையில் மொபெட்டை மிதித்துக் கிளப்பியிருந்தார்.

எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கிய நாள். அவர் வந்து சேர்ந்த சற்று நேரத்தில் சங்கராபுரம் சாலையில் மறியல்காரர்கள் வெட்டிய புளியமரங்கள் சாயும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்பதாகச் சொன்னார்கள். இனி யாரும் உள்ளே வர முடியாது. யாரும் வெளியே போகவும் முடியாது. மேற்கே கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கியிருந்தது.

தட்டு ரிக்கார்டு வருவதற்கு முந்திய மெஷின் அது. மெழுகு உருளையில் பாடும்; யாராவது குழாய்க்குள் பேசினால் அதே உருளையில் பதிந்தும் கொள்ளும். திருகுகள், வரிசை எண், குழாயின் பற்றவைப்பு, சாவி கொடுக்கும் சுருள்வில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அசல். கடைசியாகக் குரல் எழுப்பும் சின்ன வட்டப் பெட்டியைத் திறந்தார். உள்ளே காக்காப்பொன், அதாவது மைக்காத் தகடு இருக்க வேண்டும். இல்லை. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்தில் ஏதோ தோலை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

“அது ஆட்டுத் தோலு. தகடு ஒடஞ்சிபூட்சின்னு எங்க தாத்தா மாட்டுனாராம்” என்றார் நாராயணசாமி.

தங்கதுரை லென்ஸை வைத்துப் பார்த்தார். தோலில் நுண்ணிய துளைகள். ஒரே ஒரு நரைமுடி. ஓரத்தில் வளைந்து மேலே போகும் பச்சைக் கோடு, அதன் நுனியில் ஒரு கொக்கி. ஆட்டுக்கு யார் பச்சை குத்துவார்கள்? லென்ஸை மடக்கிப் பையில் வைத்தார்.

“பாடவுடு, கேப்போம்.”

சாவி கொடுத்து ஊசியை இறக்கினார். முதலில் மணல் கொட்டுகிற இரைச்சல். பிறகு யாரோ சிரிக்கிறார்கள், இரண்டு மூன்று பேர். சப்பென்று ஈரத்தில் விழுகிற மாதிரி ஓர் அடி. அப்புறம் அந்தக் குரல், வெகு அருகில், குழாயோடு வாயை வைத்து அழுத்திப் பிடித்த மாதிரி:

“ஆண்டே... தண்ணி... தண்ணி, ஆண்டே...”

முற்றத்தில் துடைப்பச் சத்தம் நின்றது.

முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த காசியம்மாள் வாசற்படிக்கு அப்பால் வந்து நின்றாள். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவள்; சிறுவயதிலிருந்து அந்த வீட்டில் வேலை செய்பவள்; ஒரு நாளும் படியைத் தாண்டாதவள்.

“அது எங்கப்பன் கொரலு” என்றாள்.

“போடி, வேலயப் பாரு” என்றார் நாராயணசாமி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பிற்பகலில் தங்கதுரை கிணற்றடியில் கை கழுவும்போது அவள் மறுபடி வந்தாள்.

“சார், நெசத்தச் சொல்லு. அதுல பேசுனது யாரு?”

“பழைய நாடக ரிக்கார்டும்மா.”

“எனக்கு அஞ்சு வயசு அப்போ. எங்கப்பன் இருசப்பன் மலைக்கு மூங்கி வெட்டப் போனாரு, கரடி அடிச்சிபூட்சின்னாங்க. பொணத்தக்கூட காட்டல. மார்ல தேளு பச்ச குத்திக்கினு இருப்பாரு. அந்தத் தேளுமேல தலய வச்சித்தான் தூங்குவேன். அந்தக் கொரலு எனக்குத் தெரியாதா?”

லென்ஸில் பார்த்த பச்சைக் கொக்கி தங்கதுரையின் கண்முன் வந்தது. மெட்ராஸ் வேலையை நினைத்தார். மரங்கள் விழுந்து கிடக்கும் சாலையை நினைத்தார். இன்றிரவு தாம் படுக்கப் போவது யார் வீட்டில் என்பதையும் நினைத்தார்.

“நாடகந்தாம்மா” என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். “நீயும் அப்டித்தான் சொல்ற” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே போனதும் நாராயணசாமி குரலைத் தாழ்த்தினார். “அந்தத் தோல எடுத்துட்டு புதுத் தகடு போட்டுடு. அத்த அடுப்புல போட்ரு. உருளய அப்பால பாத்துக்கலாம்.”

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. இடுக்கியால் தோலைப் பிடித்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. பின்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாராயணசாமியின் மனைவி கமலா தங்கதுரையின் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்து போனாள். இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தோல் உடனே எரியவில்லை, சுருங்கியது. கையை மூடுவது போலச் சுருங்கி, கறுத்து, சாம்பலானது. முடி கருகும் நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

தன் பையிலிருந்த காக்காப்பொன் தகட்டை அளவாக வெட்டிப் பொருத்தினார். வெளியே வெயில் சரிந்து, அறைக்குள் மஞ்சள் வெளிச்சம் நீளமாக விழுந்தது.

“இப்ப வுடு.”

சாவி. ஊசி. உருளை சுற்றியது.

குழாயிலிருந்து எதுவும் வரவில்லை.

இரைச்சல்கூட இல்லை. ஊசி பள்ளத்தில்தான் ஓடுகிறது. தகடு துடிக்கிறது. கண்ணால் பார்க்கிறார். சத்தம் மட்டும் இல்லை.

பின்னாலிருந்து வந்தது.

மணல் கொட்டுகிற இரைச்சல். சிரிப்பு. ஈரத்தில் ஓர் அடி.

திரும்பினார்.

நாராயணசாமி நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தார். வாய் முழுசாகத் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. தொண்டையின் தோல் மட்டும் இழுத்துக் கட்டியது போல விறைத்து, கிடுகிடுவென்று துடித்தது.

“ஆண்டே... தண்ணி...”

அவர் கண்கள் தங்கதுரையைக் கெஞ்சின. தங்கதுரை ஊசியைத் தூக்கக் கையை நீட்டினார்.

“தொடாத.”

காசியம்மாள். படிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

அவர் கை அந்தரத்தில் நின்றது.

“இன்னும் எவ்ளோ நேரம் பேசுவாரு, சார்?”

“ரெண்டு நிமிஷந்தாம்மா.” இந்த முறை பொய் வரவில்லை. “அப்பால நின்னுடும். மறுபடி வேணும்னா... ஊசியத் தூக்கி மொதல்ல வெக்கணும். சாவி கொடுக்கணும்.”

குரல் தேய்ந்து நின்றது. நாராயணசாமியின் மார்பு மூச்சுக்கு ஏங்கி ஒருமுறை எழும்பியது. கடைவாயில் இரத்தம் மெல்லக் கோடாக இறங்கியது.

காசியம்மாள் மெஷினை நாற்காலியை ஒட்டி இழுத்து வைத்து, அதன் முன்னால் முழங்காலிட்டாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். ஊசியைத் தூக்கினாள். முதலில் வைத்தாள்.

ஒரு கையால் சாவியைச் சுற்றத் தொடங்கியவள், மற்றொரு கையை நாராயணசாமியின் துடிக்கும் தொண்டைமேல் வைத்து, தூங்கப் போகும் குழந்தையைப் போல அவர் மார்பில் மெல்லத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.