வாசலைப் பார்த்த அச்சுகள்

அச்சில் இருக்கும் முகம் ஆளோடு சேர்ந்து திரும்பும். அது அதன் வழக்கம். களிமண்ணில் செய்த முகத்தின் மேல் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் மண்ணை நோண்டி எடுத்துவிட்டால், மூக்கு இருந்த இடத்தில் குழி, கன்னம் இருந்த இடத்தில் குழி. ஆனால் பார்க்கிறவர் கண் அதை ஒத்துக்கொள்ளாது, குழியை மேடு என்றே நம்பும். நாம் இடப்பக்கம் நடந்தால் அந்த முகமும் இடப்பக்கம் திரும்புவதாகத் தெரியும், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். பதினெட்டு வருடமாக இதே வேலை செய்கிற தேவசேனாவுக்கு இது பழகிய சங்கதி. அன்று சாயங்காலம் அவளை நிறுத்தியது வேறு. பிளாஸ்டர் மூட்டை எடுக்கக் கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். அலமாரியில் நின்ற இருபத்துநான்கு முகங்களில் ஒன்றுகூட அவளோடு திரும்பவில்லை. எல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்ப நடந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். அசையவில்லை.

"போங்கடா, உங்களுக்கும் கொழுப்பா?" என்று வாய்விட்டே திட்டிவிட்டு மூட்டையை இழுத்தாள். இதற்கெல்லாம் மலைத்து நிற்க அவளுக்கு நேரம் இல்லை. காலையிலிருந்து சோறு இறங்கவில்லை, தண்ணீர்கூடக் கசந்தது.

அந்தக் கொட்டகை ஆந்திர எல்லையில் உள்ள நகரியில், தறிக்காரர்கள் தெருவில், பழைய பவர்லூம் ஷெட். இருபுறமும் இன்னும் தறிகள் ஓடுகின்றன. அந்தத் தடக்குத் தடக்குச் சத்தம் சுவர் வழியாக வந்து காலடியில் அதிரும், பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடை சன்னல் வழியாக வரும். கார்த்திகை மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. நாலரை மணிக்கே உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது.

எல்லாம் அந்தச் சுதீரால் வந்த வினை. திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரி, புதுசாகக் கட்டிய மண்டபத்துச் சுவரில் பெரிய மனிதர்கள் இருபத்துநான்கு பேரின் முகங்களை வட்ட வட்டமான பிளாஸ்டர் பதக்கங்களாகப் பதிக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. வேலையைப் பிடித்தவன் சுதீர், செய்தவள் தேவசேனா. பதினோரு மாதம். விஸ்வேஸ்வரய்யாவின் தலைப்பாகை மடிப்புக்கு மட்டும் ஒன்பது நாள். காந்தியின் காதை நாலு தரம் அழித்துச் செய்தாள். அதுவரை அவள் கைவேலை எல்லாம் எவன் எவன் பெயரிலோ கட்சி ஆபீசுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவைதான் ஒவ்வொரு முகத்துக்கும் கீழே, கழுத்து முடிகிற இடத்தில், சின்னதாக 'தே' என்று களிமண்ணிலேயே தன் எழுத்தைக் கீறியிருந்தாள்.

அன்று காலையில் சுதீர் லாரியோடு வந்தான். திறப்பு விழா அழைப்பிதழை நீட்டினான். உள்ளே அவனுடைய போட்டோ, மோவாயில் மொச்சைக்கொட்டை அழுந்தின மாதிரி இருக்கிற அந்தக் குழியோடு. கீழே, 'சிற்பி சுதீர்'.

"இன்னாடா இது?"

"ஏமனுக்கோவத்து அக்கா, தப்பா எடுத்துக்காத. காலேஜுல ஒரே பேரா இருந்தா நல்லா இருக்கும்னாங்க. நாளைக்கு மந்த்ரிகாரு வர்றாரு. உன் பேர அங்க யாருக்குத் தெரியும், சொல்லு?"

அதோடு விட்டானா? அவள் மேசையிலிருந்த அவள் உளியையே எடுத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருபத்துநான்கு பதக்கத்திலும் அந்த எழுத்தைச் சுரண்டினான். ஒவ்வொன்றையும் சுரண்டிவிட்டு வாயால் ஊதினான். பொடி பறந்து அவன் முகத்திலேயே படிந்தது. அவள் கத்தினாள், காறித் துப்பினாள். லாரிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு பதக்கங்களைத் தூக்கிப் போனார்கள்.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அச்சு வேலைக்காரர்கள் யாரும் செய்யாதது. அச்சை எப்போதும் முகம் சுவரைப் பார்க்கத்தான் வைப்பார்கள். கூடவே திரும்புகிற முகம் வருகிறவர் போகிறவரைக் கலவரப்படுத்தும் என்பதற்காக வந்த பழக்கம், அவ்வளவுதான் என்று அவள் நினைத்திருந்தாள். ஆத்திரத்தில் ஒவ்வோர் அச்சாகப் பிடித்துத் திருப்பி வாசல் பார்க்க நிறுத்தினாள்.

"பாருங்க! இவன நல்லா பாத்துக்கோங்க! என் பேர சொரண்டற கட்டையில போறவன் இவன்தான். இவன் மூஞ்சிய உடாதீங்க!"

சுதீர் சிரித்தான். ஆனால் எழுந்து வாசலுக்கு நடந்தபோது இருபத்துநான்கும் அவனோடு சேர்ந்து திரும்பின. அவன் சிரிப்பு நின்றது. "அத அந்தப் பக்கம் திருப்பு அக்கா" என்றான். உளியை மறந்தாற்போல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேகமாக இறங்கிப் போனான். அவன் பயந்தது அவளுக்கு இனித்தது.

அவன் மறந்த இன்னொரு விஷயம் இருந்தது. பதக்கத்தில் சுரண்டினானே தவிர, அச்சில் அவள் எழுத்து அப்படியே இருந்தது. ஒரே ஒரு பதக்கம் புதிதாக வார்த்தால் போதும். காலை முதல் பஸ்ஸில் திருப்பதி. மேடையில், அத்தனை பேர் எதிரில், அதைத் தூக்கிக் காட்டிக் கேட்பாள். யாருடா சிற்பி?

விஸ்வேஸ்வரய்யாவின் அச்சை எடுத்து மேசையில் மல்லாத்தினாள். எடுத்தபோதே கையை உதறிக்கொண்டாள். சுட்டது.

பிளாஸ்டர் தண்ணீரில் கலந்து இறுகும்போதுதான் சுடும். இந்த அச்சு காய்ந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்து அச்சைத் தொட்டாள். அதுவும் சூடு. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி, ஈரப்பிசுபிசுப்போடு.

மழைக் காலம், ஈரம் இழுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வார்ப்பு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சோப்புத் தண்ணீரைத் தொட்டு உள்ளே தடவ ஆரம்பித்தாள். அவள் கட்டைவிரலுக்கு அந்த முகத்தின் ஒவ்வொரு மேடு பள்ளமும் மனப்பாடம். விரல் நெற்றிக்கு மேலே போயிற்று. ஒன்பது நாள் பாடுபட்ட மடிப்புகள் அங்கே இல்லை. வழவழவென்று இருந்தது. கீழே இறங்கினாள். மோவாய்க்கு நடுவே, இருக்கக் கூடாத இடத்தில், ஒரு சின்ன உருண்டை தட்டுப்பட்டது. மொச்சைக்கொட்டை அளவு.

அச்சில் உருண்டை என்றால் முகத்தில் குழி.

கரண்ட் போயிற்று.

தெருவில் அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. மழைச் சத்தம் மட்டும். அதற்கடியில், அலமாரிப் பக்கத்திலிருந்து, காய்கிற பிளாஸ்டர் விடுமே, அந்த மெல்லிய 'டிக்' சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று.

"தேவசேனா, தீப்பெட்டி கீதா?" பக்கத்துத் தறிக்கார கிருஷ்ணம்மா கையில் மெழுகுவர்த்தியோடு உள்ளே வந்தாள். தேவசேனா கொடுத்த தீப்பெட்டியில் பற்ற வைத்து உயர்த்திப் பிடித்தாள். வெளிச்சம் அலமாரியில் ஏறியது. கிருஷ்ணம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குடி காலைல வந்த அந்த ஆளையே இத்தினி செஞ்சி வெச்சிக்கினு கீற?"

தேவசேனாவின் கட்டைவிரல் மறுபடி அந்த உருண்டைக்குப் போயிற்று.

"அதுவும் வாயத் தொறந்துக்கினு" என்றாள் கிருஷ்ணம்மா. பிறகு அவளுக்கே என்னவோ தோன்றியிருக்க வேண்டும். மெழுகுவர்த்தியை மேசையில் ஒட்டிவிட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

கண் பொய் சொல்லும், அதிலும் அச்சைப் பார்க்கிற கண் சொல்லவே வேண்டாம். வார்ப்பு பொய் சொல்லாது. தேவசேனா பிளாஸ்டரைக் கரைத்தாள். அவசரத்தில் கட்டி கட்டியாக வந்தது. கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டே கரைத்து, அச்சில் ஊற்றி, குமிழி போக மேசையைத் தட்டினாள். இனி அரைமணி நேரம். அலமாரிக்கு முதுகைக் காட்டாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. சுதீர்.

"அக்கா..." குரல் குழறியது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறவன் குரல். "அந்தப் பொடில இன்னா போட்ட?"

"இன்னாடா ஒளர்ற?"

"மூஞ்சி மரத்துக்கினே போவுது. வாய் தொறக்க வரல. கார் கண்ணாடில பாத்தேன். மூக்கு... மூக்கு கொறஞ்சிக்கினு வருது அக்கா. டிரைவர் என்னப் பாத்துட்டு எறங்கி ஓடிட்டான்."

"எங்க கீற?"

"நகரி பஸ் ஸ்டாண்டாண்ட. உன்னாண்டதான் வந்துக்கினு இருந்தேன். அச்சுங்கள..." மூச்சு வாங்கினான். "ஒடைக்கலாம்னு."

ஒரு நொடி முன்பு அவளுக்கு அவன் மேல் இரக்கம் வந்திருந்தது. நிஜமாகவே வந்திருந்தது. அந்தக் கடைசி வார்த்தையில் அது பொசுங்கிப் போயிற்று.

"ஒடைக்க வந்தியா? எழுத்தச் சொரண்டனது போதலயா ஒனக்கு? வாடா. வந்து ஒட."

"நீயே ஒடச்சிடு அக்கா. தயவுசேசி. நாளைக்கு மேடைல உன் பேர நானே..." அப்புறம் வார்த்தை வரவில்லை. 'ம்' என்றும் இல்லாமல் 'ந்' என்றும் இல்லாமல் ஒரு சத்தம், மூடிய வாய்க்குள்ளிருந்து. போன் கட்டாயிற்று.

அரைமணி ஆகியிருந்தது. அச்சைக் கவிழ்த்து விளிம்பில் தட்டினாள். பதக்கம் வெதுவெதுப்பாகக் கழன்று கையில் விழுந்தது.

சுதீர்.

மோவாய்க் குழி. மேல் உதட்டு வியர்வை முத்து. உள்நாக்குத் தெரியத் திறந்த வாய். எந்த உளியும் போக முடியாத ஆழம். பதினெட்டு வருடத்தில் அவள் இவ்வளவு நல்ல முகம் செய்ததில்லை. கழுத்துக்குக் கீழே, கூராக, 'தே'.

அவள் அச்சை அலமாரியில் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டுச் சுத்தியலை எடுத்தாள். அலமாரி முன் நின்றாள். அடிதான், ஆளுக்கு ஒரு அடி. இருபத்துநான்கும் நொறுங்கிவிடும். அவன் முகம் அவனுக்குத் திரும்பிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை உயர்ந்தது. ஒவ்வோர் அச்சின் அடியிலும் அவள் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றது. இருபத்துநான்கு 'தே'. உலகத்தில் அவள் பெயர் மிச்சம் இருக்கிற ஒரே இடம்.

அவன் ஊதினானே. ஒவ்வொன்றையும் சுரண்டிவிட்டு வாயால் ஊதினானே.

சுத்தியலைக் கீழே வைத்தாள்.

டிக். டிக். டிக். அலமாரி முழுக்க. பிறகு அமைதி.

வெளியே சேற்றில் காலடி. மெதுவாக. கண் தெரியாதவன் சுவரைத் தடவித் தடவி வருகிற காலடி. தகரக் கதவில் கை பட்டது. தாழ்ப்பாளைத் தேடியது.

"யாரு?"

பதில் இல்லை.

"சுதீர்?"

கதவு திறந்தது. மழைச் சாரல் உள்ளே வந்தது. மெழுகுவர்த்தி படுத்து எழுந்தது. அந்த நேரத்தில், பகலெல்லாம் வாசலைப் பார்த்திருந்த இருபத்துநான்கு முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அவள் அசையாமல்தான் நின்றிருந்தாள்.

வாசலில் அவன். அழைப்பிதழ் போட்டோவில் போட்டிருந்த அதே நீலச் சட்டை. சட்டைக்கு மேலே வெள்ளை. பூசி மட்டம் பார்த்த சுவர். கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. மழைத்தண்ணீர் எங்கும் தங்காமல் நேராக வழிந்தது. மார்பு மட்டும் ஏறி இறங்கியது, காற்று போக வழி இல்லாமல்.

கழுத்து முடிகிற இடத்தில், புதிதாகக் கீறிய 'தே'.

அவன் சட்டைப் பையைத் தடவினான். அவள் உளியை எடுத்தான். தன் கழுத்தில் வைத்தான். சுரண்டினான்.

ரத்தம் வரவில்லை. வெள்ளைப் பொடி உதிர்ந்தது. சுரண்டினான். சட்டையெல்லாம் பொடி. சுரண்டச் சுரண்ட எழுத்து அழியவில்லை, இன்னும் ஆழமாக இறங்கியது.