வேளைக்கு முன்னே பொங்கிய எரிமலை

காலை ஆறு பத்து.

டிராயிங் மாஸ்டர் ஜெபசீலன் கண்காட்சி மைதானத்துக்குள் நுழைந்தார். வாசலின் இடது தூணில் கட்டியிருந்த குலைவாழையின் இலை முகத்தில் அடித்தது. வலது தூணில் கயிறு மட்டும் தொங்கியது. அவர் எதையும் கவனிக்கவில்லை. நாற்பது நாள் பாடுபட்டுக் கட்டிய எரிமலை வாயைப் பிளந்துகொண்டு செத்துக் கிடந்தது.

பன்னிரண்டடி மலை அது. நாகர்கோவிலில் யாரைக் கேட்டாலும் முப்பதடி என்பார்கள்; மறுத்துப் பயனில்லை. மலை பொங்கிய சத்தத்தில் இரணியல்வரை கோழிகள் வேளைகெட்ட வேளையில் முட்டையிட்டதாகவும் சொல்வார்கள். அதையும் மறுக்கவேண்டாம்.

மாஸ்டர் எரிமலையை நேரில் கண்டதில்லை. பூகோளப் புத்தகத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் பார்த்திருந்தார், அவ்வளவுதான். அதை வைத்துப் பனங்கம்பில் கூடு கட்டி, குளத்து மண் பூசினார். ஆறிப்போன குழம்புக்கு மணவாளக்குறிச்சிக் கரிமணல், ஆறாத குழம்புக்குக் கன்னியாகுமரிச் செம்மணல். இரண்டு குழம்புக்கும் நடுவே சனங்கள் உச்சிவரை ஏறிப் பார்க்க வளைந்த பாதை. உச்சிக் குழியில் எட்டு மூட்டை சுட்ட சிப்பிச் சுண்ணாம்பு. மாலை ஐந்து மணிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து சமஸ்தானத்துப் பெரிய அதிகாரி திறப்பு விழாவுக்கு வந்து நின்றதும், அதில் தண்ணீர் ஊற்றினால் புகை குபுகுபுவென்று கிளம்பும்.

கிளம்பியே ஆகவேண்டும். "மலை பொகைஞ்சா வேலை நிரந்தரம். இல்லேன்னா அடுத்த மாசம் வேற மாஸ்டரு" என்று பள்ளிக்கூட மேனேஜர் சொல்லிவிட்டார்.

இப்போதோ சுண்ணாம்பெல்லாம் வெள்ளைக் கூழாகிச் சரிவில் வழிந்திருந்தது. கூழுக்கு நடுவே மஞ்சளாக நார் நாராய் என்னவோ கிடந்தது. தன் பனங்கூட்டின் நார்தான் என்று எண்ணி மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

காலை ஏழு மணி. ஏட்டு கிருஷ்ணமணி மீசையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்து சேர்ந்தார்.

"தண்ணி ஊத்தாம சுண்ணாம்பு பொங்குமா வே?"

"பொங்காது ஏட்டய்யா."

"மழை?"

"பங்குனி மாசத்துல ஏது மழை?"

"கிணறு?"

காவல்காரர் தங்கப்பன் முன்னால் வந்தார். நரைத்த தலை, வெள்ளைப் பனியன், அதன் தோளில் பழுப்பாக நீளக் கறை. "கிணத்துக்கயிறு எலும்புமாதிரி காஞ்சு கெடக்கு. வாசல்ல குறுக்காலதான் நான் படுத்துக் கெடந்தேன். வெளிய உள்ள ஒரு ஈ வரல்ல."

"அப்போ உள்ள தண்ணி வச்சிருக்கது யாரு?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அடுத்த கூடாரத்தில் சுந்தர்சிங் பேச்சிப்பாறை அணையின் மாதிரியைக் கட்டி, நிஜத் தண்ணீரே தேக்கியிருந்தார். போன வருடப் பரிசு அவருக்கு. இந்த வருடம் எரிமலைக்கு என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

"ஓய், எனக்க அணையில ஒரு சொட்டு கொறைஞ்சிருக்கான்னு பாரும்!" என்றார் சுந்தர்சிங்.

"எடுத்துட்டு நெறச்சிருப்பீரு."

"எந்தக் கிணத்துலேருந்து வே நெறைக்க?"

ஏட்டுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது அவர் கட்டிப்போடுவார். சுந்தர்சிங்கின் கைகளை அணைக்கென்று வைத்திருந்த கயிற்றாலேயே கட்டினார். மாஸ்டர் தடுக்கவில்லை. அவன்தான் செய்திருக்கவேண்டும் என்று நெஞ்சு கிடந்து கெஞ்சியது. வேலை போகிற மனிதனுக்குத் திட்டுவதற்காவது ஒரு ஆள் வேண்டாமா?

ஏழு நாற்பது. மீன்கூடையோடு விக்டோரியா வந்தாள். கடற்கரையிலிருந்து நடந்தே வந்து வீடுவீடாக மீன் விற்கிறவள். அவள் மூக்குக்குத் தப்பிய மீனும் இல்லை, பொய்யும் இல்லை.

"சாரே, நல்ல சாளை வந்திருக்கு" என்றவள் அப்படியே நின்று மோந்தாள். "காலம்பற இங்க என்ன வேவிச்சீங்க?"

"எங்க வேவிக்க? வயிறுதான் வேவுது" என்றார் மாஸ்டர்.

"இல்ல சாரே. சுண்ணாம்பு மணத்துக்கு அடியில ஏதோ அவிஞ்ச மணம் இருக்கு."

கூடையை இறக்கினாள். அணையை எட்டிப் பார்த்தாள். முந்தின மாலை விளக்குக்கு விழுந்த பூச்சி, நீர்மேல் பாய் விரித்தாற்போல் கலையாமல் கிடந்தது.

"ஏட்டய்யா, அந்த ஆளை அவுத்துவிடும். குடத்தை முக்கியிருந்தா இந்தப் பூச்சி இப்படியா கெடக்கும்?" பிறகு மெதுவாகக் காவல்காரர் பக்கம் திரும்பினாள். "தங்கப்பண்ணே, தோள்ல என்ன கறை?"

"வெத்தலைக் கறையாக்கும்."

"தோள்லயா வெத்தலை போடுவீரு?"

தங்கப்பன் கறையைக் கையால் மூடினார்.

"துவைச்சும் போகாத கறை ஒண்ணுதான். வாழக்கறை" என்றாள் விக்டோரியா. கம்பு ஒன்றை எடுத்துக் கூழுக்குள் விட்டு அந்த மஞ்சள் நாரை உருவினாள். நீளமாக, வெந்து குழைந்து வந்தது. "வாசல்ல ரெண்டு குலைவாழ கட்டுவாங்க. ஒத்தையாட்டு எவனும் கட்டமாட்டான். வலதுபக்கத்து வாழ இந்தா இருக்கு. வாழன்னா என்ன? நிமிந்து நிக்கிற தண்ணியாக்கும். வெட்டின முனையைச் சுண்ணாம்புல குத்தினா, சும்மா விடுமா? ராவெல்லாம் உறிஞ்சி உறிஞ்சிப் பொங்கியிருக்கு. வெளியேயிருந்து ஆளே வரல்ல. சுந்தர்சிங்கும் வரல்ல. உச்சியில கொண்டு நட்டது இவரு."

தங்கப்பன் மாஸ்டரின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல காரியத்துக்கு வாழ நடாம இருப்பாங்களா சாரே? உச்சி மொட்டையா நின்னுது. உங்க வேலை நெலைக்கணும்னு நேந்துக்கிட்டுத்தான் அந்திக்குக் கொண்டு நட்டேன். விடியக்காலம் புஸ்ஸுன்னு சத்தம். பயந்துபோய், வேகாத இலையையும் குலையையும் வேலிக்கு அங்க எறிஞ்சிட்டு வாயைத் தொறக்கல்ல. வாசலுக்கு வடசேரிச் சந்தையில வேற ஒண்ணு வாங்கலாம்னு இருந்தேன்."

ஏட்டு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இதுக்கு எந்தச் செக்ஷன் வே போட?"

மாஸ்டர் திட்டுவதற்கு வாய் திறந்தார். கிழவனின் தோள் கறையைப் பார்த்து மூடிக்கொண்டார். பிறகு எழுந்து போய்ச் சுந்தர்சிங்கின் கட்டை அவிழ்த்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"புதுசா சுட்ட சுண்ணாம்பு கிடைக்குமா?" என்று கேட்டார் சுந்தர்சிங்.

"சூளை ஆற மூணு நாளாகும்" என்றார் மாஸ்டர்.

குழியின் ஓரத்தில் பொங்காமல் மிஞ்சியது இரண்டு சிரட்டை அளவு சுண்ணாம்பு.

மாலை ஐந்து மணி. பெரிய அதிகாரி வந்தார், மேனேஜர் குடை பிடித்தார். சுந்தர்சிங் தன் அணையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார். மாஸ்டர் ஊற்றினார். அணைந்த பீடி விடுகிற அளவுக்கு ஒரு புகை எழுந்து, வெட்கப்பட்டுக் காற்றில் மறைந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி பிளந்த வாயைப் பார்த்தார். சரிவில் வழிந்த வெள்ளைக் கூழைப் பார்த்தார். கரிமணலையும் செம்மணலையும் சுற்றிவந்து பார்த்தார்.

"கொள்ளாம், நல்லாயிருக்கு" என்றார். "ஆனா உச்சி மொட்டையாயிட்டு இருக்கு. ஒரு குலைவாழை நட்டிருந்தா நல்ல ஐசுவரியமாட்டு இருந்திருக்கும்."

கூட்டத்தின் பின்னால் தங்கப்பன் விசும்பும் சத்தம் கேட்டது.

மேனேஜர் கோபமாகத் திரும்பினார். "கேட்டீரா மாஸ்டர்? அடுத்த வருசம் மறக்காம நடும்!"

அடுத்த வருசம்!

"நட்டிருவேன் சார்" என்றார் ஜெபசீலன். அவரால் வேறென்ன சொல்ல முடியும்?