குழாய் இழுத்த மூச்சு

வீட்டுக் குளியலறையில், சோப்பு நுரை அப்பிய கையைக் குழாயடியில் நீட்டியபோது தண்ணீர் வரவில்லை. நுரைதான் மெல்ல எழும்பிக் குழாய்க்குள் போனது. சுரங்க நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி அதைப் பார்த்தபடி நின்றார். காற்றடைப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பதுதான் அவர் பிழைப்பு.

காலையிலும் அப்படித்தான். சுரங்கக் குழியில் ஊறும் நீரை ஓயாமல் இறைத்து வெளியே கொட்டியதில் சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் வறண்டுவிட்டன என்று ஒரு கூட்டம் நிறுவன வாசலை மறித்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாத கூட்டத்துக்குக் கத்த மட்டும் எங்கிருந்து தெம்பு வருகிறது என்று அவருக்கு எரிச்சல். முன்னால் நின்ற தையல்காரி மட்டும் கத்தவில்லை.

"தண்ணி வரலைன்னு சொல்ல வரலை சார். குழாய் உள்ள இழுக்குது. நேத்து என் தங்கச்சி வாய் வச்சா... இன்னும் எழுந்திருக்கலை."

"இழுக்குதா? அப்போ அதுகிட்ட குப்பையையும் காட்டும்மா, கூட்டுற வேலை மிச்சம்!"

காவலாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குளிக்காத ஜென்மங்கள், வாயைத் திறந்தால் பேய்க்கதை என்று முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினார்.

இப்போது அந்தி மங்கிக்கொண்டிருந்தது. சுவருக்குள் ஓடும் குழாய்கள் வழியே, துருவும் சேற்று மண்ணும் கலந்த வாடையோடு, எதுவோ பல்லிடுக்கில் காற்றை வாங்குவதுபோன்ற சீறல் குளியலறையைத் தாண்டி, கூடத்துச் சுவரைத் தடவி, சமையலறையில் போய் நின்றது.

"ஏய், மோட்டாரைப் போடு! காது செவிடா?"

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கவில்லை. அவர் இன்னொரு முறை கூப்பிடவில்லை.

நடந்தார். சமையலறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டார்.

மனைவி பாத்திரத் தொட்டிமேல் குனிந்திருந்தாள். வேலை விட்டுத் தாகத்தோடு வந்தவள், தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. உதடுகள் குழாயைக் கவ்வியிருந்தன.

குடிக்கிறாள். அப்பாடா.

"பார்த்தியா, அந்தக் கூட்டம் என்னமா புளுகுது..."

அவள் திரும்பவில்லை. விழி மட்டும் அவர் பக்கம் நகர்ந்தது. அதில் ஈரமில்லை. கன்னங்கள் பல்லோடு ஒட்டியிருந்தன. கைத்தோல் சுருங்கியது. அவர் பார்க்கப் பார்க்கச் சுருங்கியது.

தொண்டை அசைந்தது.

மேல்நோக்கி.

மறுபடியும், மேல்நோக்கி.